சஸ்பெண்ட் ஆனவருக்குப் பென்ஷன் பெண்டிங்: லத்தீன் வேர் பிடித்து ஆங்கிலச் சொல் கற்க ஒரு முழு வழிகாட்டி

தலைப்பில் இருக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களும் எந்த அரசு அலுவலக வராந்தாவில் நின்றாலும் காதில் விழுபவை. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'பெண்டேரே' என்றால் தொங்குவது. ஃபைல் முடிவாகாமல் தொங்கினால் பெண்டிங். தமிழிலும் 'கேஸ் தொங்கலில் கிடக்கிறது' என்றுதானே சொல்கிறோம். வேலையை விட்டு நீக்காமலும் வேலை செய்ய விடாமலும் ஒருவரை அந்தரத்தில் தொங்கவிட்டால் சஸ்பெண்ட். சரி, பென்ஷன் எப்படி இந்தக் குடும்பத்துக்குள் வந்தது? தராசுத் தட்டைத் தொங்கவிட்டுத்தான் எடை பார்ப்பார்கள், நாணயம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு உலோகத்தை எடை போட்டுத்தான் விலை கொடுத்தார்கள், அதனால் தொங்கவிடு என்பது எடை போடு என்றாகி, எடை போடு என்பது பணம் கொடு என்றாகிவிட்டது. எக்ஸ்பென்ஸ், காம்பென்சேஷன், சாதாரண ஸ்பெண்ட் எல்லாமே அந்தத் தராசிலிருந்து இறங்கியவைதான்.

இப்படி ஒரு வேரைப் பிடித்தால் ஏழெட்டுச் சொற்கள் கொத்தாக வரும் என்பதுதான் இந்த முறையின் லாபம். ஆனால் வேர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்கிற வழியில் இறங்கிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் முந்நூறு வேர்கள் கொண்ட பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு மேல் சுவரில் ஒட்டினேன். மூன்றே வாரத்தில் அது பல்லி ஒளிய இடமாகிவிட்டது. எனக்கு அதிலிருந்து நினைவில் நின்றவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். அப்புறம்தான் உறைத்தது: வேர்களைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, பாதி வேர்களை நாம் ஏற்கெனவே தமிழ் பேசும்போதே பேசிக்கொண்டிருக்கிறோம், அவற்றைப் பிரித்துப் பார்த்ததுதான் இல்லை.

பிரிப்பதற்கு நமக்குப் பயிற்சியும் உண்டு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதினோமே, நினைவிருக்கிறதா? நடந்தனன் = நட + த் (ந்) + த் + அன் + அன். நட பகுதி, கடைசி அன் ஆண்பால் விகுதி, இடையில் சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை. இரண்டு மதிப்பெண்ணுக்காகச் செய்த அந்த வேலையை ஆங்கிலச் சொல்லின் மேல் காட்டப் போகிறோம், அவ்வளவுதான்.

முதல் படி: வாயில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளை எடுத்து, ஆங்கிலம் தெரியாத பாட்டிகூடச் சொல்கிற ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். கண்டக்டர், இன்ஸ்பெக்டர், போர்ட்டர், டிராக்டர், டிரான்ஸ்பர், அட்மிஷன், ரிப்போர்ட், சூப்பர்வைசர், புரொஜெக்டர். இவை அனைத்தும் லத்தீன் வழி வந்தவை.

போர்ட்டரை எடுப்போம். சுமை தூக்குபவர். 'போர்ட்' என்றால் சுமந்து செல். உள்ளே சுமந்து வந்தால் இம்போர்ட், வெளியே கொண்டு போனால் எக்ஸ்போர்ட், இடம் கடந்து கொண்டு போனால் டிரான்ஸ்போர்ட், நாட்டை விட்டே தூக்கிப் போட்டால் டிபோர்ட். ரிப்போர்ட் என்பது போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் தகவலைத் திரும்பச் சுமந்து வருவது. சப்போர்ட் எனக்கு மிகவும் பிடித்தது: சப் என்றால் கீழே, கீழிருந்து தூக்கிப் பிடிப்பது, நம்முடைய 'தாங்குதல்' அப்படியே அதில் இருக்கிறது. ஏர்போர்ட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே இருப்பது துறைமுகம் என்ற பொருள் கொண்ட இன்னொரு லத்தீன் சொல்.

கண்டக்டரில் இருப்பது 'டக்ட்', அதாவது வழிநடத்து. அரசுப் பேருந்தில் நடத்துநர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வேரை அப்படியே தமிழில் வைத்திருக்கிறார்கள். இதே வேர் டியூஸ் என்றும் வரும்: இன்ட்ரொட்யூஸ் உள்ளே அழைத்து வருவது, ரெட்யூஸ் பின்னுக்குக் கொண்டு போவது, புரொட்யூஸ் முன்னே கொண்டு வந்து வைப்பது. அப்டக்ட் என்ற சொல் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப் என்றால் விட்டு விலகி, டக்ட் என்றால் கூட்டிச் செல், ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது, கடத்தல்தான் என்று அகராதி இல்லாமலேயே பிடித்துவிடலாம்.

இரண்டாம் படி: எந்தச் சொல்லைப் பிரிக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஆங்கிலச் சொல்லும் பிரியாது. ஈட், டிரிங்க், வாட்டர், ஹவுஸ், மதர், கோ, கம் போன்ற வீட்டுச் சொற்கள் ஜெர்மானிய வழியில் வந்தவை, அவற்றில் லத்தீன் தேடினால் தலைவலிதான் மிச்சம். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், வரி, விருந்து எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. பிரெஞ்சு லத்தீனின் மகள். நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். அதற்குப் பின்னால் 16, 17ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் லத்தீனிலிருந்து நேராகவும் அள்ளிக் கொட்டினார்கள். இன்று ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு வழியாகவும் வந்த சரக்கு. ஒரே லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஃப்ரெய்ல் என்றும் நேரடியாக ஃப்ராஜைல் என்றும் இரண்டு வேஷத்தில் உலவுவதுண்டு, தமிழில் ஹிருதயமும் இதயமும் இருப்பதைப் போல.

ஆக, சொல் நீளமாக இருந்து, அலுவலகம், சட்டம், மருத்துவம், பத்திரிகைத் தலையங்கம் என்று கொஞ்சம் கோட்டு போட்ட இடத்தில் வந்தால் அதைப் பிரிக்கப் பாருங்கள். குட்டையாக, அடுப்படியில் புழங்குவதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: முன்னொட்டும், அதில் நடக்கும் சந்தியும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் வேர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அடிக்கடி வரும் முன்னொட்டு இருபதுக்குள் முடிந்துவிடும். ரி என்றால் திரும்ப, பின்னால். ப்ரீ முன்பு, ப்ரோ முன்னோக்கி. எக்ஸ் வெளியே. சப் கீழே, சூப்பர் மேலே. டிரான்ஸ் கடந்து, இன்டர் இடையே, பெர் ஊடாக, சர்க்கம் சுற்றி, கான்ட்ரா எதிராக. கான் சேர்ந்து. ஆட் ஒன்றை நோக்கி, ஆப் ஒன்றை விட்டு. டி கீழே அல்லது விலகி, டிஸ் பிரிந்து. இன் என்பதற்கு மட்டும் இரண்டு முகம், ஒன்று 'உள்ளே', மற்றொன்று 'இல்லை'.

இவை வேரோடு சேரும்போது உருமாறும். பாடப்புத்தகங்கள் இதை ஒரு பெரிய விதிப் பட்டியலாகக் கொடுத்துப் பயமுறுத்தும். நமக்கு அது தேவையே இல்லை. மரம் + கள் ஏன் மரங்கள் ஆகிறது? அடுத்து வரும் ககரத்துக்கு வசதியாக மகரம் ஙகரமாகிறது, நாக்கு தானாகச் செய்கிற வேலை. லத்தீன்காரன் நாக்கும் அதையேதான் செய்தது. இன் + பாசிபிள் = இம்பாசிபிள். இன் + லீகல் = இல்லீகல். இன் + ரெகுலர் = இர்ரெகுலர். கான் என்பது ல் முன்னால் கால் ஆகும், கலெக்ட். ர் முன்னால் கார் ஆகும், கரெக்ட். ஆட் தான் மகா வேஷதாரி: ஆக்செப்ட், அஃபெக்ட், அப்பியர், அரைவ், அசிஸ்ட், அட்ராக்ட் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது அதுவேதான்.

ஒரு சின்ன குறுக்கு வழி சொல்கிறேன். சொல்லின் தொடக்கத்தில், முதல் உயிரெழுத்துக்குப் பின்னால் ஒரே மெய் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் அங்கே முன்னொட்டு முடிந்து வேர் தொடங்குகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். இதனால் ஸ்பெல்லிங்கும் சேர்ந்து வரும். லாட்ஜ் போர்டுகளில் அக்காமடேஷன் என்ற சொல்லை எத்தனை விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள், ஒரு சி போடுவார்கள், இல்லையென்றால் ஒரு எம்மை விழுங்கிவிடுவார்கள். ஆட் + காம் + மோட் என்று பிரித்துவிட்டால் குழப்பமே இல்லை: ஆட் சந்தியில் சி ஆகி அடுத்த சி-யோடு சேர்வதால் இரண்டு சி, காம் முடிகிற எம்மும் மோட் தொடங்குகிற எம்மும் சேர்வதால் இரண்டு எம்.

நான்காம் படி: ஒரு வேரை முழுக்கத் தோண்டுங்கள்

பத்து வேரை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒன்றை அடிவரை தோண்டுவது மேல். இன்ஸ்பெக்டரில் இருக்கும் 'ஸ்பெக்ட்', அதாவது பார், இதற்கு நல்ல வேர்.

உள்ளே நுழைந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர். பார்க்க உதவுவது ஸ்பெக்டக்கிள்ஸ், பார்க்கத் தக்க பெரிய காட்சி என்றால் ஒருமையில் ஸ்பெக்டக்கிள். ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாழ வேண்டும் என்று வீட்டில் சொல்வார்களே, மரியாதைக்கு அவர்களும் நாமும் ஒரே படத்தைத்தான் பிடித்திருக்கிறோம். சஸ்பெக்ட் என்றால் கீழிருந்து பார்ப்பது, அந்தக் கீழ்க்கண் பார்வைதான் சந்தேகம். டெஸ்பைஸ் மேலிருந்து கீழாக, இளக்காரமாகப் பார்ப்பது. பிராஸ்பெக்ட் முன்னோக்கிப் பார்ப்பது, ரெட்ராஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது, இன்ட்ராஸ்பெக்ட் தன்னுள்ளே பார்த்துக்கொள்வது. சர்க்கம்ஸ்பெக்ட் என்ற சொல் போட்டித் தேர்வில் வந்து பலரைக் கவிழ்க்கும். சுற்றிப் பார், அக்கம்பக்கம் பார்த்துப் பேசுகிற ஜாக்கிரதையான ஆள் என்று பொருள்.

எக்ஸ்பெக்ட்? இதிலும் ஸ்பெக்ட் இருக்கிறது. எக்ஸ் என்பதன் கடைசியிலேயே ஸ் ஒலி இருப்பதால் வேரின் எஸ் உதிர்ந்துவிட்டது. வெளியே பார், வாசலைப் பார், வருகிறாரா என்று பார். நாம் 'எதிர்பார்' என்கிறோம். இரண்டு மொழியும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமலே ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்த நாளில் எனக்கு இந்த விளையாட்டு முழுசாகப் பிடித்துப்போனது.

பார் என்பதற்கு லத்தீனில் இன்னொரு வேரும் உண்டு, 'விட்' அல்லது 'விஸ்'. சூப்பர்வைசர் என்றால் மேல் + பார்வை, மேற்பார்வையாளர். வீடியோ, விசா, விசிட், எவிடன்ஸ், ரிவைஸ் எல்லாம் அதன் பிள்ளைகள்.

ஐந்தாம் படி: வேர் உருமாறுவதற்குப் பழகுங்கள்

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஸ்பெக்ட் என்று படித்தேன், சஸ்பிஷியஸ் என்று வருகிறதே என்று குழம்புகிறார்கள். நமக்கு வா என்பது வந்தான் என்று குறுகும், கெடு என்பது கேடு என்று நீளும், யாரும் குழம்புவதில்லை. லத்தீனில் முன்னொட்டு சேர்ந்ததும் வேரின் உயிரெழுத்து மெலிந்துபோகும்.

இதற்கு 'எடு' என்ற பொருள் கொண்ட வேரைப் பாருங்கள். தனியாக நின்றால் கேப்: கேப்சர், கேப்பபிள். முன்னொட்டு சேர்ந்தால் செப்ட்: ஆக்செப்ட், எக்ஸெப்ட், இன்டர்செப்ட். பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து வந்தால் சீவ்: ரிசீவ், டிசீவ், பெர்சீவ். இன்னொரு வடிவம் சிப்: ரிசிப்பியன்ட், பார்ட்டிசிப்பேட். கடைசிச் சொல்லில் பார்ட் என்றால் பங்கு, சிப் என்றால் கொள், பங்கு + கொள் = பங்குகொள். ரெசிபியும் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் அது 'எடுத்துக்கொள்' என்ற ஏவல். வைத்தியர்கள் மருந்துச் சீட்டின் தலையில் எழுதிய சொல், டாக்டர் சீட்டில் இன்றும் போடுகிற ஆர்எக்ஸ் குறி அதன் சுருக்கம், பிற்பாடு சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

வினையும் பெயரும் ஜோடியாக மாறுவதையும் கவனியுங்கள். சப்மிட், சப்மிஷன். பர்மிட், பர்மிஷன். டிஸ்கிரைப், டிஸ்கிரிப்ஷன். ரிசீவ், ரிசெப்ஷன். புரொட்யூஸ், புரொடக்ஷன். ஜோடியாக எழுதி வைத்துக்கொண்டால் வேரின் இரண்டு முகமும் சேர்ந்தே மனசில் படியும். டிரான்ஸ்பரும் டிரான்ஸ்லேட்டும்கூட ஒரே வினையின் இரண்டு முகங்கள் என்றால் நம்புவீர்களா? சுமந்து செல் என்ற லத்தீன் வினை நிகழ்காலத்தில் ஃபெர், முடிந்த வினையில் லேட். ஆளை இடம் மாற்றிக் கொண்டுபோய் வேறு ஊரில் வைத்தால் டிரான்ஸ்பர், சொல்லை வேறு மொழியில் வைத்தால் டிரான்ஸ்லேட். நாமும் இடம்பெயர், மொழிபெயர் என்று ஒரே வினையில் சொல்கிறோம்.

விகுதிக்கு ஐந்து நிமிடம் போதும். ஷன், இட்டி என்று முடிந்தால் பெயர்ச்சொல், ஆர் என்று முடிந்தால் பெரும்பாலும் செய்பவர், இவ், அஸ், ஏபிள் என்று முடிந்தால் பெயரடை, ஏட் என்று முடிந்தால் பெரும்பாலும் வினை.

ஆறாம் படி: தமிழில் இருக்கும் வடசொற்களை ஏணியாக்குங்கள்

தமிழ் லத்தீனுக்கு உறவில்லை. ஆனால் சமஸ்கிருதம் உறவு. 1786இல் கல்கத்தாவில் பிரிட்டிஷ் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் இதை ஓர் உரையில் சொன்னதிலிருந்து அந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. நாம் அன்றாடம் பேசும் வடசொற்கள் பலவும் லத்தீன் வேர்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா முறை. தந்தம் என்றால் பல், டென்டல் டாக்டர். பாதம், பெடல், பெடஸ்ட்ரியன். தானம், டொனேஷன். நாமம், நாமினேஷன். அக்னி, இக்னிஷன். மரணம், மார்ச்சுவரி. வாக்கு, வோக்கல், வொக்காபுலரி. சப்த, அஷ்ட, நவ, தச என்று எண்ணிக்கொண்டு போனால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஏழாவது என்று பெயர் வைத்துவிட்டு ஒன்பதாவது மாதமாக வருகிறதே என்றால், ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அந்தக் கணக்கு.

ஆனால் ஒலி ஒத்துப்போனாலே உறவு என்று துள்ளக் கூடாது. அட்வகேட்டில் அந்த வாக்கு வேர் உண்மையாகவே இருக்கிறது, உதவிக்குக் கூப்பிடப்பட்டவர் என்று பொருள்; அதை வைத்து வக்கீலுக்கும் வாக்குக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், வக்கீல் அரபுச் சொல்.

ஏழாம் படி: நோட்டு

ஒரு வேருக்கு ஒரு பக்கம். மேலே வேர், அதன் எல்லா வடிவங்கள், தமிழில் ஒரே சொல்லில் பொருள். அதற்குக் கீழே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் ஒன்று, இதுதான் கொக்கி. அப்புறம் மற்ற சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பிரித்த வடிவம், வேர் சொல்லும் பொருள், இன்றைய பொருள், கடைசியாக நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். பக்கத்தில் பாதியைக் காலியாக விடுங்கள், பத்திரிகை படிக்கும்போது அந்த வேர் கண்ணில் பட்டால் வந்து சேர்க்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு வேர் போதும். எழுதிய பக்கத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திருப்பிப் பாருங்கள். பார்க்கும்போது வலது பாதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். முதல் பத்துக்கு என் தேர்வு: போர்ட், ஸ்பெக்ட், டக்ட், மிட் (அனுப்பு), டிக்ட் (சொல்), ஸ்கிரிப்ட் (எழுது), கேப், பெண்ட், ஜெக்ட் (எறி), டிராக்ட் (இழு). டிராக்டர் இழுக்கிறது, கணிதத்தில் சப்ட்ராக்ட் அடியிலிருந்து இழுக்கிறது, மனசு வேறு பக்கம் இழுபட்டால் டிஸ்ட்ராக்ட்.

எட்டாம் படி: வழுக்கும் இடங்கள்

வேர் பொருளின் பக்கத்தில் கொண்டுபோய் விடும், வீட்டுக்குள் கூட்டிப் போகாது. மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்வது. இன்று கை படாமல் செய்வதற்கும் அதே சொல்தான். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருப்பதைத் தீப்பிடிக்காது என்று பிரித்தால் கதை முடிந்தது, அந்த இன் உள்ளே என்ற இன், எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் பொருள். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாதது.

லத்தீன் பெட் என்றால் கால், ஆனால் பீடியாட்ரிக்ஸ் டாக்டர் கால் டாக்டர் இல்லை, அங்கே இருப்பது குழந்தை என்ற கிரேக்கச் சொல். மாண்டரின் என்ற சொல்லில் கமாண்டில் இருக்கும் மாண்ட் தெரிகிறதே என்று தோன்றும். உண்மையில் அது நம்ம மந்திரி, மலாய் வழியாகப் போர்த்துகீசியர் வாய்க்குப் போய் சீன அதிகாரியின் பெயராகத் திரும்பியது. ரோமானிய வீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று சாலரிக்கு ஒரு கதை ஓடும். உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் அதில் இருப்பது நிஜம், உப்பையே கூலியாகக் கொடுத்ததற்குத்தான் ஆதாரம் இல்லை. இப்படி ரொம்ப அழகாக இருக்கும் கதை கிடைத்தால் எட்டிமான்லைன் (etymonline.com) என்ற சொற்பிறப்பு அகராதித் தளத்திலோ நல்ல அகராதியின் சொற்பிறப்புப் பகுதியிலோ ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் ஏற்றுங்கள்.

ஒன்பதாம் படி: படிக்கும்போது ஊகியுங்கள்

தெரியாத சொல் வந்ததும் போனில் தேடாதீர்கள், முப்பது விநாடி பிரித்துப் பாருங்கள், பொருளை ஊகித்துப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டு அப்புறம் அகராதியைத் திறங்கள். ஊகம் தப்பினாலும் நஷ்டமில்லை, தப்பிய சொல்தான் அதிகம் மறக்காது.

இப்போதே ஒன்று. ஒரு தீர்ப்புச் செய்தியில் 'இர்ரெவக்கபிள்' என்று வருகிறது. இரட்டை ஆர், எனவே முன்னால் இருப்பது இல்லை என்ற இன். அடுத்து ரி, திரும்ப. வக் என்பது வாக்கின் உறவு, கூப்பிடு. ஏபிள், முடிகிற. இல்லை, திரும்ப, கூப்பிடு, முடிகிற. பின்னாலிருந்து கோத்தால், திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள முடியாதது. அகராதியைத் திறந்தால் 'மாற்றவோ திரும்பப் பெறவோ முடியாத' என்று போட்டிருக்கும்.